ஒரு சாண் தள்ளி

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், குழந்தைவேலு கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் நடந்து தஸ்லீமாவின் வீட்டுக்குப் போனார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அவள்தான் டீச்சர். ஏற்காட்டில் மேகம் இறங்குவதையும் காப்பிப் பூ விரிவதையும் மணிக்கணக்கில் படமெடுத்து, விநாடிக்கணக்கில் ஓட்டிக் காட்டுகிறவள். காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்ந்த குழந்தைவேலு ஒரு வருடமாக அவளிடம் அந்த வேலையைக் கற்றுவந்தார்.

அவளிடம் ஒரே ஒரு கட்டளைதான். படம் முடியும்வரை கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏன் டீச்சர், கேமரா ஓடிப்போயிடுமா?" என்று முதல் நாளே கிண்டலடித்தார் குழந்தைவேலு.

"அது போகாது, சார்" என்றாள்.

இன்று அவர் கிண்டலடிக்கவில்லை.

"அந்திமந்தாரை எடுக்கச் சொன்னீங்களே. எடுத்தேன். அன்னபாக்கியம் போன அன்னிக்கு."

கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். ஜன்னலில் பூந்தொட்டி. அதன் கீழே கட்டில். கட்டிலில் அவர் மனைவி, முகம் சுவர்ப் பக்கம். பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சில்லை. தலையை ஒரு நூல்கூட அசைக்க முடியாது.

மதியம் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை, பத்து விநாடிக்கு ஒரு படம். மொத்தம் இரண்டாயிரத்து நூற்று அறுபது. ஓடித் தீர ஒன்றரை நிமிடம்.

தொடக்கத்தில் ஓரிடத்தில் காட்சி குலுங்கியது.

"நூத்திப் பன்னெண்டாவது படம்" என்றார் குழந்தைவேலு. "எங்க வீடு பலகைத் தரை. ஆள் நடந்தா ஸ்டாண்டு ஆடும்."

தஸ்லீமா திரையை ஒட்டிக் குனிந்தாள்.

வெயில் சுவரில் ஊர்ந்தது. மொட்டு முறுக்கு அவிழ்ந்தது. அதே வேகத்தில் அன்னபாக்கியத்தின் முகமும் சுவரை விட்டுத் திரும்பியது. நேரில் எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யார் பார்க்கிறார்கள்?

"குலுங்குறதுக்கு அடுத்த படத்திலேர்ந்து திரும்புறா, டீச்சர். டாக்டர் ஆறரைக்கு வந்தார். உயிர் போய் ரெண்டரை மணி நேரத்துக்குக் குறையாதுன்னார். அப்ப நாலு மணி. நாலுக்கு அப்புறமும் திரும்புறா. கடைசிப் படம் வரைக்கும் திரும்புறா."

திறந்திருந்த கதவு வழியே மேகம் உள்ளே வந்து தரையில் படர்ந்தது.

"பதினஞ்சு நாளா ஒவ்வொண்ணாப் பார்க்கிறேன். எந்தப் படத்துல அவ உயிர் போச்சுன்னு தெரியல. அது தெரியாம எனக்குத் தூக்கம் இல்ல."

"கடைசியில எதைப் பார்க்கறாங்க?"

"கேமராவை."

தஸ்லீமா எழுந்தாள். அவர் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினாள். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். எதிரே போய் நின்று, லென்ஸைப் பார்த்தபடி தன்னைக் கேமரா தானாக ஒரு படம் எடுக்க விட்டாள். அவரைப் பார்த்தபடி இன்னொன்று. இரண்டையும் திரையில் அடுத்தடுத்து வைத்து, மூன்றாவதாக அன்னபாக்கியத்தின் கடைசிப் படத்தை வைத்தாள்.

முதல் படத்தில் தஸ்லீமாவின் கண்கள் நேராகப் பார்த்தன. இரண்டாவதில் ஒரு சாண் தள்ளிப் பார்த்தன.

அன்னபாக்கியத்தின் கண்கள் இரண்டாவதைப் போல இருந்தன.

குழந்தைவேலு வெகுநேரம் பார்த்தார்.

"அந்த நாற்காலியில யாரும் இல்லையே, டீச்சர்."

"நீங்க?"

"நான் வெளியே மேட்டுல நின்னேன். அடுத்து மேகத்தை எடுக்கலாம்னு, அது எப்படி வருதுன்னு பார்க்க. கேமராதான் தானா எடுக்குதேன்னு..."

திரையிலிருந்து அன்னபாக்கியம் அவர் இப்போது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க டீச்சர். எந்தப் படத்துல அவ உயிர் போச்சு?"

"நீங்க எந்தப் படத்துல எழுந்து போனீங்க, சார்?"

குழந்தைவேலுவின் கண்முன் அந்தக் குலுங்கிய நூற்றுப் பன்னிரண்டாவது படம் வந்து நின்றது. நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.