இரண்டு பார் சென்சார்

"இந்தச் சென்சார் என்னை ஏமாத்திருச்சுங்க மேடம். இதைவிட யோக்கியமான ஒண்ணாச் சொல்லுங்க."

செங்கோடன் அதை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எறிந்தார்.

நவோமி நிமிர்ந்து பார்த்தாள். கோவையில் ரேஸ் கார் இன்ஜின்களுக்குக் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவு வைத்துத் தருகிறவள். செங்கோடன் ரேஸ் கார் கட்டுகிறவர். தலை நரைத்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் வேலையையும் கற்றுக்கொள்ள இவளிடம் வந்துகொண்டிருந்தார். இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். புத்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன ஆச்சுண்ணா?"

"காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளற டர்போ வெச்ச வண்டிங்க. உள்ள போற காத்து எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு சொல்றதுதான் இதோட வேலை. இது சொல்றதை நம்பித்தான் பெட்ரோல் போகும். ரேஸ்ல கடைசி ரவுண்டுல பிஸ்டன் உருகிப்போச்சு. ஆயில் கொட்டி, வண்டி வழுக்கி, சுவத்துல மோதிருச்சுங்க."

"யார் ஓட்டினது?"

"எம்பொண்ணுதானுங்க. கவிமலர். மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு."

நவோமி சென்சாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"முன்னாடியே ஒரு அறிகுறியும் இல்லையா?"

"இல்லீங்களே. பிராக்டீஸ்ல லேப்டாப்புல பதிவான அழுத்தக் கோட்டைப் பார்த்தேன். சர்ருன்னு ஏறுச்சு, அப்புறம் ஸ்கேல் வெச்சு இழுத்தாப்ல நேரா நின்னுச்சு. அழுத்தம் ஆடாம அசையாம நிக்குதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"கவிமலர் ஒண்ணும் சொல்லலையா?"

செங்கோடன் கழுத்தைச் சொறிந்தார்.

"ஏதோ சத்தம் வருதுப்பா, இன்னிக்கு ஓட்ட வேண்டாம்னா. பயப்படறான்னு நெனச்சேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, மெஷினைவிட உனக்குத் தெரியுமாக்கும்னு கேட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"மெக்கானிக் பசங்க இருந்தாங்க. சிரிச்சாங்க."

"அதுக்கு அவ?"

"ஹெல்மெட்டை மாட்டிட்டு ஏறிட்டா."

எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் கோபம்தான் வருகிறது. நவோமிக்கும் வந்திருக்கும். அவள் காட்டிக்கொள்ளவில்லை.

சென்சாரை லேப்டாப்பில் இணைத்தாள். அதன் வாயில் கைப்பம்பின் குழாயைச் செருகினாள். பம்பின் மேல் முள் வைத்த மீட்டர் இருந்தது.

"இன்னும் பம்ப் பண்ணவே இல்லை. மீட்டர்ல பூஜ்யம். ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

"ஒண்ணு."

"எப்படி?"

செங்கோடன் யோசித்தார். "நம்மளச் சுத்தி இருக்கிற காத்து. அதுக்கே ஒரு பார் அழுத்தம் இருக்குதுங்களே."

"உங்க டர்போ எவ்வளவு தள்ளுது?"

"ஒண்ணு புள்ளி நாலு."

"மொத்தம்?"

"ரெண்டு புள்ளி..." அவர் முகம் சுருங்கிப்போனது. "இது ரெண்டு பார் வரைக்கும்தான் அளக்கற சென்சாருங்க. மீதிக் காத்துக்குப் பெட்ரோலே போகலை, அதான் சூட்டுல உருகிருக்கு."

நவோமி பம்ப் செய்தாள். ஸ்கிரீனில் எண் ஏறி, இரண்டில் நின்றது. அவள் நிறுத்தவில்லை. மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. எண் அசையவில்லை.

"போதுங்க மேடம்."

அவள் பம்ப் செய்தாள்.

"மேடம், பிச்சுக்கும்!"

"எதுக்குப் பதறறீங்க? ஸ்கிரீன்ல எல்லாம் ஆடாம அசையாமதானே நிக்குது."

நவோமி காற்றை விட்டாள். புஸ்ஸென்று முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. எண் இறங்கவில்லை. இரண்டிலேயே நின்றது.

"செத்துப்போச்சுங்களா?"

"அது தாங்குற அளவைத் தாண்டிட்டோம். இனிமே நீங்க அழுத்தினாலும் இதே, அழுத்தாட்டியும் இதே."

செங்கோடன் பெருமூச்சு விட்டார். "அப்ப நாலு பார் ஒண்ணு குடுத்துருங்க. பெருசாவே இருக்கட்டும்."

"ரொம்பப் பெருசு போட்டா சின்னச் சின்ன மாற்றம் சரியாத் தெரியாது. உங்களுக்கு மூணு போதும்."

புதிய சென்சார் டப்பா கைக்கு வந்ததும் மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்போதே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பாப்பா, தப்பு சென்சார்லதான். சரியானதா ஒண்ணு வாங்கிட்டேன்."

"சரிப்பா."

"கை கூடட்டும். அடுத்த ரேஸும் நீதான் ஓட்டணும்."

"சரிப்பா."

"உனக்கு வேண்டாம்னா சொல்லு. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"சரிப்பா."

"நாளைக்குக் கட்டு மாத்தப் போலாமா சாமி?"

"சரிப்பா."

போனை வைத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். எத்தனை பக்குவமாப் பேசறா பாருங்க. நான்தான் என்னென்னமோ நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்."

நவோமி செத்த சென்சாரிலிருந்து வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயே ஓட்டுன்னேன், சரின்னா. வேற ஆளைப் போட்டுக்கறேன்னேன், அதுக்கும்..."

செங்கோடன் நிறுத்தினார்.

டப்பாவை மேசைமேல் வைத்தார். இந்த முறை மெதுவாகத்தான் வைத்தார். மறுபடி போனை எடுத்தார். முதல் தடவை எண் தவறிப்போனது. பிறகு மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கவிமலரின் குரல் வந்தது.

"சரிப்பா."