உப்புக் கலயமும் கல்லான பவளாயியும்

மலையெல்லாம் வாயத் தொறந்து பேசின காலம்னு ஒண்ணு இருந்துச்சே, அதுக்கும் வெகு காலம் முன்னாடி, தேன்மலைன்னு ஒரு ராச்சியம். அங்க செங்கோடன்னு ஒருத்தன், தேனெடுக்கிறவன். காத்த மோந்து பாத்தே எந்தப் பாறையில தேன்கூடு இருக்குன்னு சொல்லிருவான். சாஞ்ச புல்லப் பாத்தே கரடி எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லிருவான். காட்டுல வழி தப்பினா ராசாவே அவனுக்குத்தான் ஆளனுப்புவாரு.

ஆனா பாருங்க, அவன் வீட்டு உப்புக் கலயம் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது!

சிரிக்காதீங்கண்ணே. உங்க வீட்டுல எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்? ம்... அப்ப பேசாம கேளுங்க.

அவன் பொஞ்சாதி பவளாயி. கைப்புள்ள ஒண்ணு. செங்கோடன் கெட்டவன் இல்ல, சாமி. அவ மேல உசுரையே வச்சிருந்தான். தேனடையில மொதத் துண்ட அவளுக்குன்னு தேக்கிலையில மடிச்சுக் கொண்டாருவான். ஒத்தாசைக்கும் வருவான். வந்ததும்தான் ஆரம்பிப்பான்: "பவளா, உப்பு எங்கே? பவளா, உலக்கை எங்கே? பவளா, பாலாடை எங்கே?" கைவேலைய விட்டுட்டு அவ ஓடி வந்து எடுத்துக் குடுக்கணும். அதுக்கு அவளே செஞ்சு தொலைச்சிரலாம்!

ஒரு நாள் மத்தியானம் பவளாயி ஓடையில துணி தொவைச்சு முடிச்சா. கரையில இருந்த கரும்பாறையில சாஞ்சு உக்காந்து, "அப்பாடா! இந்தப் பாறையாட்டம் அசையாமக் கிடந்தா எவ்வளவு சொகமா இருக்கும்"னு பெருமூச்சு விட்டா.

பாறைக்கு அது கேட்டுருச்சு.

அந்த நேரம் பாத்து புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு செங்கோடன் வந்தான். தூரத்துலயே கத்தினான்.

"பவளா, பாலாடை எங்கே?" முழங்கால் வரைக்கும் கல்லு.

"பவளா, என் தலைத்துண்டு எங்கே?" இடுப்பு வரைக்கும் கல்லு.

"பவளா, உப்பு எங்கே?" கழுத்து வரைக்கும் கல்லு.

"ஏனுங்க, போதுமுங்க! நீங்க கேக்கக் கேக்க நான் கல்லாயிட்டே இருக்கேனுங்க!"

செங்கோடன் அப்பத்தான் அவளப் பாத்தான். பதறிப் போயிட்டான். ஓடிப் போய்த் தொட்டா, கை எல்லாம் சில்லுனு கல்லு. அப்ப பாறைக்குப் பின்னாடியிருந்து, முறுக்கு மீசையும் மூக்கொழுகலுமா ஒரு பூதம் தேம்பிக்கிட்டே எந்திரிச்சு வந்துச்சு.

"இந்தப் பாறை வேற யாருமில்லடா, என் பூதத்தி. 'அகப்பை எங்கே, அகப்பை எங்கே'ன்னு கேட்டுக் கேட்டே இவளக் கல்லாக்கிட்டேன்."

"என் பவளாவ மீட்க வழி இல்லையா, பூதமே?"

"இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள புள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்க வை. வீட்டுல விளக்கேத்து. சோறாக்கிக் கொண்டாந்து உன் பொஞ்சாதிக்கு ஊட்டு. ஆனா 'எங்கே'ன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சோ, இவ தலையும் கல்லாயிரும். அப்புறம் என் பூதத்தியாட்டம் வருசக்கணக்கா இங்கயே கிடக்க வேண்டியதுதான்."

"வழி தெரிஞ்சும் நீ ஏன் செய்யல?"

"அகப்பை இன்னும் அகப்படலையே!"ன்னு பூதம் ஓன்னு அழுதுச்சு.

செங்கோடன் வீட்டுக்கு ஓடினான். சட்டிய உருட்டினான், பானையக் கவுத்தான். பால் இருக்கு, அதப் புகட்டுற பாலாடை இல்ல. புள்ள வீல்னு கத்துது. பழக்கம் விடுமா? வாசலுக்கு ஓடி, "பவளா, பாலாடை எங்..." நாக்க நறுக்குனு கடிச்சுக்கிட்டான். ரத்தமே வந்துருச்சு.

அப்படியே தரையில உக்காந்து அழுதான். "கரடி போன தடம் தெரியுது. கட்டினவ புழங்குற இடம் தெரியலையே, பாவி எனக்கு!"

குனிஞ்சு அழுதவன் கண்ணுல தரை பட்டுச்சு. சாணி மெழுகின தரை. அதுல லேசா ஒரு பள்ளம், அடுப்புலருந்து தொட்டிலுக்கு. தொட்டில்லருந்து தண்ணிப் பானைக்கு. பானையிலருந்து திரும்ப அடுப்புக்கு.

"அட! இந்த வீட்டுக்குள்ள இப்படி ஒரு ஒத்தையடிப் பாதையா!"

காட்டுல எத்தனையோ தடத்தப் பாத்தவன். மானு பத்து வருசம் ஓடினாலும் இப்படித் தேயாது. இவ ஒருத்தி நடந்திருக்கா.

கண்ணத் தொடச்சுக்கிட்டு தடத்தப் புடிச்சுப் போனான். தொட்டிலுக்கிட்ட நின்னுச்சு. பக்கத்து மாடத்துல கைய விட்டான். பாலாடை! சாமி மூலைக்குப் போச்சு. எண்ணெயும் திரியும்! கடைசியில ஒரு சுவரோரமாப் போய் நின்னுச்சு. அங்க கால்விரல் மட்டும் அழுந்தியிருக்கு, குதிகாலக் காணோம். "எக்கி நின்னிருக்கா. அப்ப சாமான் மேல இருக்கு." நிமிந்து பாத்தான். உறியில உப்புக் கலயம்!

"தனக்கே எட்டாத உசரத்துல ஏன் வச்சா?"ன்னு யோசிச்சான். தவழ்ற புள்ள காலக் கட்டிக்கிச்சு. புரிஞ்சுருச்சு.

புள்ள தூங்குச்சு. விளக்கு எரிஞ்சுது. சோறு வெந்துச்சு, கொஞ்சம் அடியும் புடிச்சுது. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, சோத்துப் பானையத் தூக்கிக்கிட்டு ஓடினான். பொழுது மலை மேல நிக்குது.

மொத உருண்டை ஊட்டினான். கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் கல்லு உதிந்துச்சு. ரெண்டாவது ஊட்டினான். முழங்கால் வரைக்கும் உதிந்துச்சு. மூணாவத மென்னுக்கிட்டே பவளாயி சொன்னா:

"ஏனுங்க, உப்புக் கம்மி. இருங்க, நான் எடுத்தாந்து..."

"நீ உக்காரு புள்ள. உப்பு இருக்கிற இடம் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான்! பாதத்துக் கல்லெல்லாம் பொலபொலன்னு கொட்டிப் போச்சு. பவளாயி அவன் தோள்ல சாஞ்சு அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா.

"இனிமே தெனமும் உனக்கு ஒத்தாசை பண்றேன் பவளா."

"ஒத்தாசையா? அப்ப வீடு என்னுது மட்டுமா? முறை வச்சுக்குவோமுங்க."

மறுநாள் பவளாயி தேனெடுக்க மலையேறினா. அவ எடுத்தது பெரிய அடை. செங்கோடன் உலை வச்சான், துணியையும் தொவைக்க எடுத்துட்டுப் போனான். ஓடையில பூதத்தப் பாத்து, "அகப்பையத் தேடாதே, அவ நடந்த தடத்தத் தேடு"ன்னான். பூதம் தன் குகைக்குள்ள தரையப் பாத்துக் குனிஞ்சு போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு துணி தொவைக்கப் போனவங்களுக்கு ஒரே ஆச்சரியம். கரையில பாறையவே காணோம்! அது இருந்த இடத்துல ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துலருந்து ரெண்டு சோடிப் பெரிய காலடி, பக்கத்துப் பக்கத்துல, குகைப் பக்கமாப் போயிருக்கு. உள்ளருந்து சோறு வேகுற வாசம் வந்துச்சாம்.

கதை அவங்ககூடக் குகைக்குப் போயிருச்சு, நானும் கெளம்புறேன். இன்னிக்கு எங்க வீட்டுல உலை என் முறை.