டீச்சரம்மா காருக்கு ஏறாத சார்ஜ்

"சாமி, இத்தனை வருஷமா கண்ணை மூடித் தியானத்துல உட்கார்றேன். உள்ளே ஏன் ஒண்ணுமே ஏற மாட்டேங்குது?"

கேட்டவர் மங்கையர்க்கரசி டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் அடங்கிவிடும். அப்பேர்ப்பட்டவர், தம்மைவிட வயதில் சின்னவரான தாண்டவ சாமியைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் ஊருக்கே ஆச்சரியம். அன்று காலை சாமி அவர் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிட வந்திருந்தார்.

சாமி வாசலில் நின்ற மின்சாரக் காரைப் பார்த்தார். சுவரில் இருந்த சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்ன, டீச்சரம்மா?"

"அதுவும் என்னை மாதிரிதான். ஏற மாட்டேங்குது. மானம் போகப்போகுது, சாமி."

காரை வாங்கி, ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்தவர் டீச்சர். கணவர் கோமதிநாயகம் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. "நீ ஓட்டுற வண்டியில ஏறணும்னா கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் ஏறணும்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தார். நேற்று அவருக்கு இரண்டாவது கண்ணில் ஆபரேஷன். அதற்கும் தம்பி மகனோடு பஸ்ஸில்தான் போனார். "கட்டுப் போட்ட கண்ணோட நானே கூட்டிட்டு வர்றேன், பாருங்க" என்று டீச்சர் சவால் விட்டிருந்தார். இன்று சாயங்காலம் அவரை அனுப்புகிறார்கள். காரில் தெருமுனை தாண்டக்கூட சார்ஜ் இல்லை.

"என்னவெல்லாம் பார்த்தீங்க?"

"பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். மெயினை அணைச்சுப் போட்டேன். கம்பெனிக்காரன் நாளைக்குத்தான் வருவானாம்."

"சிவப்புன்னா என்ன அர்த்தம்?"

"மண்ணுக்குள்ள இறக்குற எர்த் கம்பி சரியில்லையாம். அது சரியா இருந்தாத்தான் கரண்ட் விடுமாம். வீடு கட்டினப்பவே போட்ட எர்த் சாமி, அது எங்கே போயிடும்?"

"எங்கே இருக்கு?"

டீச்சர் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

மதில் மூலையில் எர்த் குழியின் சிமெண்ட் மூடி. பக்கத்தில் ஒரு வாளி. மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும் என்று, ஞாயிறு தவறாமல் கோமதிநாயகம் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுவார். "வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துற கிறுக்கு எங்கேயாவது உண்டா?" என்று டீச்சர் கேலி பண்ணுவார். முதல் கண் ஆபரேஷனுக்குப் பிறகு, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாளி கவிழ்ந்தே கிடந்தது. பங்குனி வெயில் வேறு.

மூடியைத் தூக்கினார். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டீச்சர் கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தினார்.

ஒரு வாளி ஊற்றினார். மண் அப்படியே குடித்துவிட்டது.

"சிவப்புதான்!" வாசலிலிருந்து சாமியின் குரல்.

இன்னொரு வாளி.

"சிவப்பு!"

சேலை நனைந்தது, இடுப்பு வலித்தது. டீச்சர் விடவில்லை. குழியில் தண்ணீர் தளும்பி நின்றது.

"பச்சை! பச்சை!" அதிர்ந்து பேசாத சாமி கத்தினார்.

டீச்சர் ஓடிவந்து பார்த்தார். "ஏறுதுடா!" என்று கூவிவிட்டு, சாமியையா 'டா' போட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் ஒலித்தது. ஒரு கண்ணில் கட்டோடு கோமதிநாயகம் படியிறங்கி வந்தார்.

"இன்னொரு கண்ணையும் கட்டிவிடட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம் தாயி. இதை நான் பாக்கணும்."

முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தார். டீச்சருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

வீட்டுத் தெரு திரும்பும்போது, கூடவே வந்து பின்சீட்டில் இருந்த சாமியைக் கண்ணாடியில் பார்த்தார்.

"காலைல ஒண்ணு கேட்டேனே சாமி. நீங்க பதிலே சொல்லலை."

"என்னை ஏன் கேக்குறீங்க, டீச்சரம்மா? ஈரம் காயாம ஞாயிறு தவறாம ஊத்தினவர் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார்."