அமலதாஸ் விட்டுக்கொடுத்த ஆட்டங்கள்

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது கஷ்டமாக இருப்பது அதனால்தான்.

திருச்சி பாலக்கரையில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் மூன்று பேர் சேர்ந்து செஸ் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் நிரலை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த நகர்வுக்குப் பின் எது வரும் என்று தேடும் பகுதியை எழுதியவள் யசோதரா. வந்து நிற்கும் நிலை நல்லதா கெட்டதா என்று எடைபோடும் பகுதியை எழுதியவன் அமலதாஸ். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிரலின் புதிய வடிவத்தைப் பழையதோடு ஆயிரக்கணக்கில் மோதவிட்டு, தேறியிருக்கிறதா என்று பார்ப்பது நிஜாமின் வேலை.

மழைக்காலத்தில் அமலதாஸ் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் யசோதராவிடம் கடைசியாகப் பேசியதும் நிரலைப் பற்றித்தான். நிரல்களுக்கென்று நடக்கும் போட்டிக்கு அதை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும், ஜெயிக்க வேண்டும் என்றான். அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

மகனுடைய சாமான்களை எடுத்துப்போக அவன் அப்பா சவரிமுத்து வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; மனைவியை முன்பே இழந்தவர். அமலதாஸுக்கு செஸ் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவன் செய்ததை ஒருமுறை ஆடிப் பார்க்கிறேன் என்று அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். சீக்கிரமே ஒரு யானையையும் ஒரு குதிரையையும் இழந்தார். நிரல் முடித்துவிட வேண்டியதுதான். ஆனால் அது முடிக்கவில்லை. அவருடைய ராஜாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி செக் வைத்து, ஒரே நிலை மூன்று முறை வரச் செய்து, ஆட்டத்தை டிராவாக்கிவிட்டது.

சவரிமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “வளர்ந்தப்புறம் அவன் எங்கிட்ட ஜெயிச்சதே இல்லம்மா. ஜெயிக்கிற ஆட்டத்தை இப்படித்தான் கலைச்சு விட்டுடுவான்,” என்றார்.

சாமான்களை எடுக்காமலே போனார். மறுநாள் மாலை வந்தார். பிறகு தினமும் வந்தார். அவன் எழுதியதில் மட்டும் கை வைத்துவிட வேண்டாம் என்று ஒருநாள் யசோதராவைக் கேட்டுக்கொண்டார். அதற்கும் அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஆட்டங்கள் டிராவாகும் காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவர் வந்துபோன முதல் நாளே அமலதாஸ் எழுதியதைத் திறந்து பார்த்திருந்தாள். முந்தி நிற்கும்போது டிராவுக்குப் போனால் மதிப்பெண் குறைய வேண்டும். ஒரு கழித்தல் குறி விடுபட்டுப்போனதால் கூடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பெரிதாக முந்தியதுமே சோதனை ஆட்டத்தை நிறுத்தி, வெற்றி என்று கணக்கிட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அதனால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை. பார்த்தாள், மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்திருந்தும் அவளும் ஆடினாள். அறையில் ஆள் இல்லாத வேளைகளில் உட்கார்ந்து, வேண்டுமென்றே ராணியைப் பறிகொடுப்பாள். நிரல் யோசிக்கும். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம், அமலதாஸ் மூச்சை இழுத்து விடுவது போலக் கூடிக் குறையும். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலக் கழுத்து கூசும். அவள் திரும்ப மாட்டாள். திரும்பினால் அங்கே ஒன்றும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். பிறகு திரையில் அந்த செக் வரும். மறுபடியும் அதே செக். டிரா.

போட்டி நெருங்கியதும் நிஜாம் ஆட்டங்களை நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட்டான். ஜெயிக்க வேண்டியவை எல்லாம் டிராவில் முடிந்தன. தேடித் துருவி அவனும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். சொன்னால் யசோதரா விடமாட்டாள் என்று அவனுக்குப் பட்டது. அமலதாஸின் கடைசி ஆசையும் அவனுக்குத் தெரியும். ஒருவரிடமும் சொல்லாமல் விடுபட்ட குறியைப் போட்டுவிட்டான்.

அன்று மாலை நிரல் கொஞ்சமும் தயங்காமல் சவரிமுத்துவைத் தோற்கடித்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “இன்னைக்கு அவன் வரல,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு வரவில்லை.

யசோதரா நிஜாமிடம் சண்டைக்குப் போனாள். அவன் குரலை உயர்த்தவில்லை. “யசோ, நாம அவனைக் காப்பாத்தி வைக்கல. ஒரு தப்பைக் காப்பாத்தி வச்சிருந்தோம்,” என்றான்.

பழைய நிரலை ஒரு லேப்டாப்பில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் பொன்மலைக்கு, அவர் வீட்டுக்கே போனாள். மாற்றுவதற்கு முன் இருந்தது இது என்று சொல்லி அவர் முன்னால் வைத்தாள். அவர் ஆடினார். டிரா ஆனது. ஆனால் முகம் மலரவில்லை.

“நீங்க மாத்தினா வர்றான், மாத்தினா போறான். இது அவன் வேணும்னே எழுதினதாம்மா, தப்பா எழுதினதா?”

பொய் சொல்லும் எண்ணத்தோடுதான் போயிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. கழித்தல் குறியைப் பற்றிச் சொன்னாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சும் நீயும் ஆடினியா?”

“ஆடினேன்.”

சவரிமுத்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, “இதை அழிச்சிடு. சரி பண்ணினதையே எனக்கும் போட்டுக் குடு. அவன் பேர்ல தப்பு நிக்கக் கூடாது,” என்றார். அவளால் முடியவில்லை. எதை அழுத்த வேண்டும் என்று கேட்டு, அவரே அழுத்தினார். ஆபீசில் இருந்த பழைய பிரதிகளையும் மறுநாள் வந்து, பக்கத்தில் நின்று அழிக்கவைத்தார். திருத்திய நிரல் அமலதாஸின் பெயரோடு போட்டிக்குப் போனது.

சொல்லாமல் பிழையைத் திருத்தினான் நிஜாம். தெரிந்தே அதைக் காத்தாள் யசோதரா. மகனைப் போல ஆடிய ஒன்றைத் தன் கையாலேயே அழித்தார் சவரிமுத்து. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சவரிமுத்து செய்ததே சரி. நிஜாமின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு அப்பாவின் எதிரே இருந்தவனை அவரிடம் சொல்லாமலே எடுத்துவிட்டான். யசோதராவின் இரக்கம் உண்மையானது. ஆனால் அதில் பாதி அவள் தனக்காகவே வைத்துக்கொண்டது. இருவரும் இன்னொருவருடைய துக்கத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லாமல் கை வைத்தவர்கள். தன்னுடையதைத் தானே விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பழையதை அழித்த மறுநாள் மாலை, திருத்திய நிரலிடம் அவர் தோற்றார். அதற்கடுத்த மாலையும் ஆட உட்கார்ந்தார்.