ஆறு மணிக்குக் கிளம்பலாமா?

மரகதவல்லி மேடத்திடம் படித்து, அவர் துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவன் சிவநேசன். சேர்ந்து மூன்று வருடம் ஆகியும், ஒரு சந்தேகம் என்றால் அவர் அறைக் கதவைத்தான் தட்டுவான். அவரும் லேசில் நேரான பதில் சொல்லிவிட மாட்டார்.

அந்த வருடம் வேலைக்கு ஆள் எடுக்கக் கடைசியாக வந்த கம்பெனி, ராஜபாளையத்தில் இருந்த அந்தக் கல்லூரியிடம் ஒரே ஒரு பெயர் கேட்டிருந்தது. மறுநாள் மாலைக்குள் சிபாரிசுக் கடிதம் போயாக வேண்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். முத்தரசிக்கு மதிப்பெண் கூடுதல். ஹரிகிருஷ்ணன் பேச்சில் கெட்டி. வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் தேடிக்கொள்ளலாம் என்று ஹரியின் வீட்டில் பொறுமையாக இருந்தார்கள். முத்தரசியின் வீட்டில் வைகாசியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பேச்சு.

ஒத்திகை நேர்காணலில் இருவரிடமும் சிவநேசன் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தான். வேலை நேரம் முடிந்த பிறகும் இருக்க முடியுமா? விடிய விடிய இருப்பேன் என்றான் ஹரி. முத்தரசியோ, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஆறு மணிக்குக் கிளம்பலாமா என்று திருப்பிக் கேட்டாள். நேர்காணலில் இதை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று வகுப்பில் அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

“பசங்களுக்கு வேலைதான் முதல்ல, மேடம். பொண்ணுங்களுக்கு ஒரு கால் வீட்டுலயே இருக்கு. ஏன் இப்படி?” என்று மேடத்தின் அறைக்குப் போய்க் கேட்டான் சிவநேசன். ஹரியின் பெயரையே எழுதிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரையும் வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டை அவரவரே சமைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். உடுத்தி வருவதை அவரவரே துவைத்துத் தேய்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

“நீயும்தான்,” என்றார்.

சிவநேசனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சாம்பார் சாதம் என்ன பெரிய வித்தையா?

காலையில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. சொல்லித்தர வந்த மனைவியை வீறாப்பாக அனுப்பிவிட்டான். சட்டையைத் தேய்க்கப் போன நேரத்தில் அடுப்பில் பருப்பு தீய்ந்தது. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

ஹரி அவனுக்கும் பின்னால் வந்தான். சட்டை சரியாகக் காயவில்லை, கையில் ஹோட்டல் பார்சல். தினமும் அம்மாதான் எல்லாம் எடுத்து வைப்பார்கள் என்று மறைக்காமல் சொன்னான். நல்ல பையன்தான்.

முத்தரசி ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். எப்படி முடிந்தது என்று மேடம் விசாரித்தார்.

“தினமும் செய்றதுதான, மேடம். அம்மா காலையிலயே மில்லுக்குப் போயிருவாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சா அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சேத்து வடிச்சிருவேன்.”

“உனக்கு மட்டும்தானே சமைக்கச் சொன்னேன்?”

“எனக்கு மட்டும் எப்படி மேடம் வடிக்கிறது?”

“அண்ணன் என்ன பண்றான்?”

“வேலைக்குப் போறான், மேடம். ராத்திரி லேட்டாத்தான் வருவான். ஆபீஸ்ல அவன ரொம்பப் பாராட்டுறாங்க.”

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சிவநேசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பலாமா என்று அவள் கேட்டதற்காகத்தான் ஒத்திகை நேர்காணலில் அவன் ஐந்து மதிப்பெண் குறைத்திருந்தான்.

அவர்கள் இருவரும் வெளியே போனதும் கடிதத்தை எடுத்தான். முத்தரசியின் பெயரை எழுதினான். அத்தோடு விடாமல், ‘வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சுமக்கும் திறமை வாய்ந்தவர்’ என்று ஒரு வரியும் சேர்த்தான். தப்பைத் திருத்திக்கொண்ட திருப்தியோடு மேடத்திடம் நீட்டினான்.

அவர் நிதானமாகப் படித்தார். பெயரை அப்படியே விட்டுவிட்டு, அந்த வரியை மட்டும் அடித்தார்.

“ஏன் மேடம்? உண்மையத்தானே எழுதியிருக்கேன்?”

“உண்மைதான். அவ மார்க்க எழுது. எல்லாத்தையும் சுமப்பாள்னு எழுதிக் குடுத்தா, அங்கயும் அவ தலையில தூக்கி வெச்சிருவாங்க.”