பத்து வரிசையிலும் காரக்குழம்பு

முன்னொரு காலத்தில் நெடுங்குளம் என்ற சீமையை வீரசிகாமணி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் தன் காலில் முள் குத்தினால்தான் முள் என்று ஒன்று இருப்பதையே நம்புவார்.

அங்கே ஏரித் தண்ணீரைப் பங்கிட ஒரு வாரியம் உண்டு. ஊரில் பத்துத் தெரு. தெருவுக்கு ஒரு குடம்; அதில் யார் பெயருக்கு அதிக ஓலை விழுகிறதோ அவருக்கே அந்தத் தெருவின் இடம். எந்தத் தெருவை எடுத்தாலும் நூறில் அறுபது பேருக்கு ஏரியை ஒட்டிய மேல்மடையில் நிலம், நாற்பது பேருக்குக் கோடியில் கடைமடையில். அப்புறம் என்ன? பத்து இடமும் மேல்மடைக்காரர்களுக்கே! கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

மாடத்தி என்ற கடைமடைக்காரி காய்ந்த பயிரும் கையுமாகச் சபைக்கு வந்தாள்.

"மகாராசா, பத்து நாள்ல தண்ணி வரலைன்னா பயிரு வைக்கோலாயிரும். எங்களுக்காகப் பேச வாரியத்துல ஒரு ஆளு இல்லையே!"

மேல்மடையில் பெரும் நிலக்காரரான தளவாய் பிச்சாண்டி சிரித்தார். "தோற்றவர்களுக்கு ஏதம்மா இடம்? பத்துக் குடத்திலும் நாங்கள்தானே ஜெயித்தோம்!"

"அதானே!" என்றார் ராஜா.

அமைச்சர் திருவம்பலம் பேச்சை மாற்றினார். "மகாராஜா, நாளை தங்கள் பிறந்தநாள் விருந்து. பத்து வரிசை இலை போடுகிறோம். வரிசைக்கு ஒரு குழம்புதான். எது என்று அந்தந்த வரிசையே ஓலை போட்டு முடிவு செய்யட்டுமே?"

"பேஷ்!" என்று ராஜா துள்ளினார்.

ராஜாவுக்கு ஒரு வாரமாக வாய்ப்புண். மறுநாள் மோர்க்குழம்புக்கு ஓலை போட்டுவிட்டு ஆசையோடு உட்கார்ந்தார். இலையில் விழுந்ததோ காரக்குழம்பு! ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் கொட்டியது.

"அடுத்த வரிசைக்குப் போகிறேன்!"

"அங்கேயும் காரம்தான் மகாராஜா. பத்து வரிசையிலும் பத்துக்கு ஆறு பேர் காரம், நாலு பேர் மோர். காரம் பத்துக்குப் பத்து ஜெயித்துவிட்டது. மோர்க்குழம்பு வைக்கவே இல்லை."

"என்ன அநியாயம் இது! எல்லா ஓலையையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுமையா! பத்தில் நாலு பேர் மோர் கேட்டால் பத்து அண்டாவில் நாலு அண்டா மோர்க்குழம்பு வைக்க வேண்டியதுதானே?"

அமைச்சர் எழுத்தாணியை எடுத்தார். "உத்தரவு மகாராஜா. அண்டா என்பதற்குப் பதிலாக வாரியத்தில் இடம் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

ராஜா விழித்தார். பிறகு வாய் எரிச்சலோடு சிரித்தார்.

"எழுதும். இந்தாரும் என் முத்துமாலை!"

"ஜெயித்தவர்கள் நாங்கள்..." என்று தளவாய் எழுந்தார்.

"தளவாய்க்கு இன்னும் நாலு கரண்டி காரக்குழம்பு ஊற்றுங்கள். ஜெயித்தவர், சாப்பிடட்டும்!" என்றார் ராஜா.

அந்த வாரமே புது வாரியம் கூடியது. மேல்மடைக்காரர்கள் ஆறு பேர், கடைமடைக்காரர்கள் நாலு பேர், அதில் மாடத்தியும் ஒருத்தி. கையைத் தூக்கி எண்ணினால் இப்போதும் ஆறு பேர் பக்கம்தான் பலம். ஆனால், எதிரே உட்கார்ந்து முகத்துக்கு நேரே அவள் தண்ணீர் கேட்டபோது, "உனக்குத் தண்ணீர் கிடையாது" என்று சொல்ல அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.