மல்லனின் பிடி

கிணற்றுப் பங்குக்காகத் தம்பியோடு இருபத்திரண்டு வருஷம் பேசாமல் இருந்த தனக்கோடி, தம்பி செத்த மறுமாதம் மலையடி மடத்துக்கு வந்து சேர்ந்தார். பிணத்தைக்கூடப் போய்ப் பார்க்காத மனுஷன். மடத்தை நடத்திய வேதவல்லி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

"செத்தவன் மேலயும் கோவம் போகமாட்டேங்குதும்மா. எப்படி விடுறது?" என்று கேட்டார்.

"இருங்க, பார்ப்போம்" என்றார் அம்மை.

வந்தவர் வெறும் கையோடு வரவில்லை. மடியில் ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி. பால் வெள்ளை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். மல்லன் என்று பெயர் வைத்தார்.

மாலைப் பூசை முடிந்ததும் தனக்கோடி தோள் துண்டை எடுத்துப் படபடவென்று உதறுவார். குட்டி ஓடிவந்து மறுமுனையைக் கவ்வும். இவர் இழுக்க, அது இழுக்க, ஒரே கும்மாளம். உயரத் தூக்கினால் குட்டியும் அந்தரத்தில் தொங்கும். வாயை மட்டும் திறக்காது. கடைசியில் துண்டையும் அதற்கே கொடுத்து, தின்னக் கருப்பட்டியும் கொடுப்பார்.

ஒருநாள் அம்மை கேட்டார். "விட வைக்கணும்னா என்ன செய்வீங்கய்யா?"

"விடவா? இது பிடிச்சா விடவே விடாதும்மா. ஜாதி அப்படி." பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

"இப்பவே பழக்கலாமே."

"குட்டிதானேம்மா. வளரட்டும், பார்த்துக்கலாம்."



வளர்ந்தது. ஒன்றரை வயதில் அது எழுந்து நின்றால் முன்னங்கால்கள் தனக்கோடியின் தோளில் இருக்கும். இழுவையில் இப்போது அவர்தான் தரையில் தேய்ந்துகொண்டு போனார். அப்போதும் சிரித்தார்.

மடத்துக்குப் பால் ஊற்றுகிறவள் பஞ்சவர்ணம். ஒரு காலையில் பால் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து உதறினாள். அந்தச் சத்தம் கேட்டதும் மல்லன் பாய்ந்து வந்தது. துணியோடு சேர்த்துக் கையையும் கவ்வியது.

"ஐயோ சாமி!"

தனக்கோடி ஓடிவந்தார். "விடு! மல்லா, விடு!" கத்தினார், அடித்தார், தாடையைப் பிளக்கப் பார்த்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தது. அதற்கு அது விளையாட்டு. ஒரு குடம் தண்ணீரை அதன் முகத்தில் கொட்டிய பிறகுதான் விட்டது. அதற்குள் இரண்டு விரல் போய்விட்டது.

பத்து நாள் கழித்துக் கட்டோடு வந்து நின்றாள் பஞ்சவர்ணம். "ரெண்டு மாடு நிக்குது சாமி. இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிக் கறப்பேன்?" அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தனக்கோடியால் தலை நிமிர முடியவில்லை.

நாய் இனி இங்கே இருக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. கல்குவாரிக்காரர் ஒருவர் காவலுக்குக் கேட்டார். அங்கே போனால் சாகிறவரை சங்கிலிதான். வேறு வழியில்லை.

வண்டி வந்தது. சங்கிலியைத் தனக்கோடியே மாட்டினார். வேறு யார் அதன் கிட்டே போவார்கள்? வண்டியில் ஏறிய மல்லன், அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்து வாலை ஆட்டியது.

வண்டி கண்மறைந்ததும் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"என் கையால ஊட்டி வளத்த நாயம்மா. நான் எழுந்தா எழும், உட்கார்ந்தா உட்காரும். அன்னைக்கு நூறு தடவை 'விடு விடு'ன்னு கத்தினேன். ஏம்மா கேக்கலை?"

அம்மை சொன்னார்.

"அந்தச் சொல்லை அது அன்னைக்குத்தானேய்யா முதமுதலாக் கேட்டுச்சு."